போட்டோ பூத் வாடகைக்கு எந்த மென்பொருள்? மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விழா முடிந்து, வாடகைக்குக் கொண்டுபோன போட்டோ பூத்தைக் கழற்றி அடுக்கும் நேரத்தில் யாராவது ஒரு தம்பியோ தங்கையோ அருகில் வந்து நிற்பது வழக்கமாகிவிட்டது. "அக்கா, இதற்கு என்ன மென்பொருள் போடுகிறீர்கள்?" என்றுதான் பேச்சு தொடங்கும். வாழைச்சேனையிலிருந்து அக்கரைப்பற்று வரை கேட்கப்படும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றே. இரவு பதினொரு மணிக்கு, களைத்த நிலையில், அரைகுறையாகப் பதில் சொல்லி அனுப்பியவர்கள் பலர். அவர்களுக்கும் இனி வரப்போகிறவர்களுக்குமாக எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன்.

1. கமராவை மடிகணினியில் மாட்டினால் போதாதா அக்கா? தனியாக ஒரு மென்பொருள் எதற்கு?

படம் எடுக்க மட்டும் என்றால் போதும். ஆனால் பூத் என்பது படம் எடுப்பவர் இல்லாமல் படம் எடுக்கும் இடம். விருந்தினர் திரையைத் தொட்டதும் அவர் முகம் அதில் தெரிய வேண்டும், எண்ணிக்கை ஓட வேண்டும், மூன்று நான்கு படங்கள் தாமாகவே விழ வேண்டும், அவை மணமக்களின் பெயர் போட்ட வடிவமைப்பில் அமர வேண்டும், பிரிண்டருக்குப் போக வேண்டும், கைபேசிக்கும் போக வேண்டும். இத்தனையும் ஒரு நிமிடத்துக்குள் நடந்து, அடுத்த குழுவுக்காகத் திரை மீண்டும் முதல் நிலைக்கு வந்து நிற்க வேண்டும். இந்தச் சங்கிலி முழுவதையும் கோத்துப் பிடிப்பதுதான் பூத் மென்பொருளின் வேலை.

1925இல் நியூயோர்க்கில் அனட்டோல் யோசெப்போ என்பவர் திரைச்சீலை போட்ட முதல் பூத்தை வைத்தபோது, 25 சதத்துக்கு எட்டுப் படங்கள் ஒரு நீளத் துண்டாக வந்தன. இன்றைக்கும் நாம் கொடுக்கும் அந்த நீளத் துண்டு அங்கிருந்து வந்ததே. அன்று பெட்டிக்குள் இருந்த பொறியும் மருந்தும் செய்ததை இன்று மென்பொருள் செய்கிறது. அது நின்றால் தொழில் நின்றது.

2. ஐபேட் வாங்குவதா, மடிகணினியும் டிஎஸ்எல்ஆர் கமராவும் வாங்குவதா?

இதை முடிவுசெய்யாமல் மென்பொருளைத் தேடாதீர்கள். ஐபேட்டுக்கு எழுதிய மென்பொருள் விண்டோஸில் ஓடாது. இரண்டுக்கும் தனித்தனிச் சந்தைகள்.

ஐபேட் இலேசானது, பத்து நிமிடத்தில் பொருத்திவிடலாம். மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. குறை என்னவென்றால், மண்டபத்தின் மங்கிய வெளிச்சத்தில் அதன் முன்கமரா தடுமாறும். நல்ல விளக்கு ஒன்றைக் கூடவே கொண்டுபோக வேண்டும். இன்னொன்று வெப்பம். 35 பாகை செல்சியஸ் வரையான சூழலில்தான் ஐபேட்டைப் பயன்படுத்த வேண்டும் என்று ஆப்பிள் சொல்கிறது. பாசிக்குடாவிலோ அறுகம்பையிலோ பிற்பகல் கடற்கரை விருந்து என்றால் அந்த எல்லையைத் தொட்டுவிடுவோம். சூடேறினால் ஐபேட் எச்சரிக்கை காட்டி நின்றுவிடும். அது குளிரும் வரை எந்த மென்பொருளாலும் ஒன்றும் செய்ய முடியாது.

டிஎஸ்எல்ஆர், அதாவது லென்ஸ் மாற்றக்கூடிய பெரிய கமராவும் பிளாஷும் தரும் படத்தின் தரம் தனி. பட்டின் சரிகை, மாலையின் இதழ் எல்லாம் துலங்கும். ஏற்கெனவே ஸ்டூடியோ வைத்திருப்பவர்களிடம் பழைய கமரா ஒன்றாவது இருக்கும். அவர்களுக்கு இந்த வழியே மலிவு.

3. சரி, பெயர்களைச் சொல்லுங்கள். என்னென்ன இருக்கின்றன?

விண்டோஸ் மடிகணினிக்கு டிஎஸ்எல்ஆர்பூத், பிரீஸ், டார்க்ரூம் பூத், ஸ்பார்க்பூத் ஆகியவை பல காலமாக இருப்பவை. டிஎஸ்எல்ஆர்பூத் மக் கணினியிலும் ஓடும். ஐபேட்டுக்கு லூமாபூத், சிம்பிள்பூத், ஸ்னாப்பிக். ஆள் மேடையில் நிற்க, கமரா சுற்றிவந்து காணொளி எடுக்கும் 360 பூத்துக்கு டச்பிக்ஸைப் பலர் எடுக்கிறார்கள்.

இவற்றில் எது சிறந்தது என்று என்னிடம் கேட்க வேண்டாம். வசதிப் பட்டியலைப் பார்த்தால் எல்லாமே எல்லாம் செய்யும். உங்கள் கமரா, உங்கள் பிரிண்டர், உங்கள் தமிழ் எழுத்து, இணையம் இல்லாத உங்கள் ஊர் மண்டபம் ஆகிய நான்கிலும் எது தாக்குப்பிடிக்கிறதோ அதுவே உங்களுக்குச் சிறந்தது. இவை ஏறக்குறைய அனைத்துக்கும் இலவசச் சோதனைப் பதிப்போ சோதனைக் காலமோ உண்டு. வாங்கும் முன் அதைப் பயன்படுத்துங்கள்.

4. இலவசமாக ஒன்றும் கிடையாதா?

உண்டு. பைபூத் என்பது ராஸ்ப்பெரி பை என்ற சிறு கணினிக்காகப் பைதன் மொழியில் எழுதப்பட்ட திறந்த மூல மென்பொருள். போட்டோபூத் புராஜெக்ட் என்று இன்னொன்று லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடும். இரண்டும் ஜிபோட்டோ2 என்ற நிரல் வழியாக டிஎஸ்எல்ஆர் கமராவுடன் பேசும். உரிமக் கட்டணம் எதுவும் இல்லை; நிரலைத் திறந்து நமக்கேற்ப மாற்றவும் செய்யலாம்.

ஆனால் லினக்ஸ் கட்டளை எழுதத் தெரிந்தவர் கையில்தான் இவை உருப்படும். கணினி படித்த தம்பி ஒருவர் வீட்டில் இருந்தால் தாராளமாக முயலுங்கள். இல்லையென்றால், விழா நடுவே கறுப்புத் திரையில் பிழைச் செய்தி வந்து நிற்கும்போது உங்களால் எதுவும் செய்ய முடியாது.

5. நண்பன் ஒருவன் பூட்டுடைத்த பதிப்பு தருகிறேன் என்கிறான். அனுபவம் வரும்வரை அதைப் போட்டுப் பழகலாமா?

வேண்டாம். பழகுவதற்குத்தான் சோதனைப் பதிப்பு இருக்கிறது. பூட்டுடைத்த பதிப்போடு வருவது என்ன நச்சு நிரல் என்று யாருக்கும் தெரியாது. அதே மடிகணினியில்தான் நூறு குடும்பங்களின் படங்களை வைத்திருக்கப் போகிறீர்கள். கணினி நிரல்களுக்கும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. அத்தோடு, நாமும் நம் படைப்பை விற்றுத்தான் சாப்பிடுகிறோம். நம் படத்தை ஒருவர் காசு கொடுக்காமல் எடுத்தால் நமக்கு எப்படி வலிக்கும்?

6. மாதச் சந்தா நல்லதா, ஒரேயடியாக வாங்குவது நல்லதா?

நம் பக்கம் விழாக்கள் மாதா மாதம் ஒரே சீராக வருவதில்லை. ஆடியிலும் மார்கழியிலும் சைவர்கள் திருமணம் வைப்பதைத் தவிர்ப்பார்கள். ரமழான் மாதத்தில் காத்தான்குடி, சாய்ந்தமருதுப் பக்கம் அழைப்பே இருக்காது. ஆண்டின் கடைசி மாதங்களில் மழை. தை பிறந்தால் ஒரே நாளில் மூன்று வீட்டிலிருந்து அழைப்பார்கள். ஆகவே மாதச் சந்தாவை இடையில் நிறுத்தி மீண்டும் தொடங்க முடியுமா என்பதை முதலில் பாருங்கள். எடுத்துக்காட்டாக, சந்தா 20 டொலர், ஒரு டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் மாதம் 6,000 ரூபாய். நான்கு விழா கிடைத்த மாதத்தில் விழாவுக்கு 1,500 ரூபாய்தான். விழாவே இல்லாத மார்கழியிலும் அதே 6,000 போகும்.

விலை டொலரில் இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாயைத் தாண்டியது. ஆண்டுத் தொடக்கத்தில் ரூபாயில் விலை பேசி முற்பணம் வாங்கியவர்களுக்கு, மென்பொருளும் பிரிண்டர் தாளும் சேர்ந்து இலாபத்தை விழுங்கின. அதன் பிறகு எனக்கு ஒரேயடியாக வாங்கும் உரிமமே பிடிக்கிறது. அப்படி வாங்கினாலும் புதுப்பிப்புகள் எத்தனை காலத்துக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள்; பலவற்றில் ஒரு குறித்த காலம் வரை மட்டும்தான்.

7. என்னிடம் இருக்கும் பழைய கமரா வேலை செய்யுமா?

ஒவ்வொரு மென்பொருளின் தளத்திலும் ஏற்கும் கமராக்களின் பட்டியல் உண்டு. உங்கள் மாதிரியின் பெயர் அதில் எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். "கெனன் என்றால் எல்லாம் ஓடும்" என்று கடைக்காரர் சொல்வதை நம்பாதீர்கள். யூஎஸ்பி வழியாகப் படம் எடுக்க முடிவது ஒன்று, நேரடிக் காட்சியைத் திரைக்கு அனுப்ப முடிவது இன்னொன்று. இரண்டும் வேண்டும்.

இரண்டு சிக்கல்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. முதலாவது, பிளாஷ் போட்டு எடுக்கும்போது படம் நன்றாக வரும், ஆனால் திரையில் விருந்தினர் முகம் இருட்டாகத் தெரியும். இது மென்பொருளின் குற்றமில்லை. பிளாஷ் இல்லாமல் படம் எப்படி இருக்குமோ அதைக் கமரா முன்கூட்டிக் காட்டுகிறது. எக்ஸ்போஷர் சிமுலேஷன் என்ற அமைப்பைக் கமராவிலோ மென்பொருளிலோ அணைத்தால் திரை வெளிச்சமாகிவிடும். இரண்டாவது, கமராவோடு வந்த நிறுவன மென்பொருள் பின்னால் ஓடிக்கொண்டிருந்தால் பூத் மென்பொருளுக்குக் கமரா கிடைக்காது. அதை மூடிவிட்டுத் திறவுங்கள்.

படத்தின் அளவையும் குறையுங்கள். 4க்கு 6 அங்குலத் தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளி அடர்த்தியில் அச்சிட 1,200க்கு 1,800 புள்ளிகள், அதாவது இரண்டு மெகாபிக்சலுக்குச் சற்று மேல் போதும். 24 மெகாபிக்சலில் எடுத்து ஒவ்வொரு படத்தையும் கம்பி வழியாக இழுத்துவர மடிகணினி ஏன் திணற வேண்டும்? சிறிய ஜேபெக் அளவுக்கு மாற்றியதும் என் பூத்தின் வேகம் கண்ணுக்குத் தெரியக் கூடியது.

8. பிரிண்டர் எதுவாக இருந்தாலும் சரிதானே?

விண்டோஸில் நிறுவக்கூடிய எந்தப் பிரிண்டருக்கும் மென்பொருள் அனுப்பும். சிக்கல் வேகத்திலும் வெட்டிலும் இருக்கிறது. கெனன் செல்ஃபி சிபி1500 ஓர் அஞ்சலட்டை அளவுப் படத்துக்கு 41 நொடி அளவில் எடுக்கும். தாள் தட்டில் 18 தாள்தான் பிடிக்கும். பிறந்தநாள் வீட்டுக்கு அது போதும். முந்நூறு பேர் வரும் வரவேற்புக்கு டிஎன்பி ஆர்எக்ஸ்1எச்எஸ் போன்ற, தாளும் சாயமும் சுருளாக மாட்டும் பிரிண்டர் வேண்டும். ஒரு சுருளில் 700 படங்கள், ஒன்றுக்கு ஏறக்குறைய 12 நொடி.

நீளத் துண்டு கொடுக்க விரும்புகிறவர்கள் தவறும் இடம் ஒன்று உண்டு. பிரிண்டர் 4க்கு 6 தாளை அச்சிட்டு நடுவே வெட்டித்தான் 2க்கு 6 துண்டு இரண்டு தருகிறது. ஆகவே வடிவமைப்பில் ஒரே துண்டை அருகருகே இருமுறை வைக்க வேண்டும், பிரிண்டரின் அமைப்பில் 2 அங்குல வெட்டையும் இயக்க வேண்டும். மென்பொருளில் தேடினால் அந்த வெட்டு அகப்படாது. அது விண்டோஸின் பிரிண்டர் அமைப்பில் இருக்கிறது. முதல் விழாவில் நான் கத்தரிக்கோலோடு நின்றது இதைத் தெரியாமல்தான்.

9. வடிவமைப்பில் தமிழில் பெயர் போட்டால் எழுத்து உடைந்து வருகிறது. எந்த மென்பொருளில் சரியாக வரும்?

எனக்கு மிகவும் முக்கியமான கேள்வி இது. ஒரு குடும்பம் வாழ்நாள் முழுவதும் ஆல்பத்தில் வைத்திருக்கப்போகும் தாளில் மணமகளின் பெயர் சிதைந்து கிடப்பதை என்னால் பொறுக்க முடியாது. பெயரைப் பிழையாக அச்சிட்டுக் கொடுப்பதைவிட அச்சிடாமல் விடுவது மேல்.

காரணம் எளியது. கணினியும் கைபேசியும் இன்று எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறையான யூனிகோட்டில் தமிழ் எழுத்துகள் ஒலிக்கும் வரிசையில் சேமிக்கப்படுகின்றன. ஒற்றைக் கொம்பையும் இரட்டைக் கொம்பையும் இடப்பக்கம் கொண்டுபோய் வைப்பது மென்பொருளின் வேலை. அந்தத் திறன் இல்லாத மென்பொருள் எழுத்துகளை வந்த வரிசையிலேயே வைத்துவிடும். சோதிக்க நான் வைத்திருக்கும் சொல் "கொக்கட்டிச்சோலை". தான்தோன்றீஸ்வரர் கோயில் இருக்கும் நம் ஊர்ப் பெயரில் எல்லாச் சோதனையும் இருக்கிறது: "கொ"வின் கொம்பும் காலும் இருபுறமும் பிரிந்து நிற்க வேண்டும், "சோ"வுக்கு இரட்டைக் கொம்பு, "லை"யின் குறி எழுத்துக்கு முன்னால், "க்", "ட்", "ச்" மூன்றிலும் புள்ளி எழுத்தின் தலைக்கு நேர் மேலே. மென்பொருளின் எழுத்துப் பெட்டியில் இதைத் தட்டி, திரையில் பார்த்து, அச்சிட்டும் பாருங்கள். திரையில் சரியாக இருந்து தாளில் உடைவதும் உண்டு.

உடைந்தால் மென்பொருளை மாற்ற வேண்டிய அவசியமில்லை. பெயரை வெளியே, போட்டோஷொப்பில், படமாகச் செய்து பிஎன்ஜி கோப்பாக வடிவமைப்பின் மேலடுக்கில் வையுங்கள். போட்டோஷொப்பிலும் எழுத்து விருப்பங்களில் உலக மொழிகளுக்கான எழுத்தமைப்பைத் தேர்ந்தெடுத்தால்தான் தமிழ் சரியாக அமரும். பாமினி எழுத்துருவில் தட்டினால் எங்கும் உடையாது, உண்மைதான். அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய முறை. அழைப்பிதழ் அச்சகத்திலிருந்து பெயர் பாமினியில் வந்தால் அப்படியே படமாக்கிவிடுங்கள். ஆனால் விருந்தினர் திரையில் தானே தட்டும் வாழ்த்துச் செய்தி யூனிகோட்டில்தான் வரும், அதற்குப் பாமினி உதவாது. அம்பாறையில் சிங்களப் பெயர்கள் வந்தாலும் இதே சோதனைதான்.

10. திரையில் வரும் ஆங்கில வாசகங்களைத் தமிழாக்கலாமா?

பெரும்பாலும் முடியும். தொடக்கத் திரை, எண்ணிக்கைத் திரை, நன்றித் திரை மூன்றும் பல மென்பொருள்களில் மாற்றத்தக்க படங்கள் அல்லது காணொளிகள்தான். "இங்கே தொடுங்கள்" என்று ஒரு படம் செய்து வைத்தால் ஆயிற்று. பொத்தான்களின் வாசகத்தை மாற்ற இடமிருந்தால் ஒன்பதாவது பதிலில் சொன்ன சோதனையை அங்கும் செய்யுங்கள்.

குரலையும் மாற்றுங்கள். மென்பொருளோடு வரும் ஆங்கில எண்ணிக்கைக்குப் பதிலாக என் குரலில் "மூன்று, இரண்டு, ஒன்று, சிரியுங்கள்" என்று பதிந்து வைத்திருக்கிறேன். செங்கலடியில் ஒரு திருமணத்தில் பேரப்பிள்ளைகள் அம்மம்மா ஒருவரைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து நாற்காலியில் இருத்தினார்கள். திரையை அவர் பார்க்கவில்லை; கண் தெளிவில்லை. "சிரியுங்கள்" என்ற குரல் வந்ததும் "ஆரம்மா அது?" என்று குரல் வந்த பக்கம் திரும்பிச் சிரித்தார். நான்கு படத்திலும் அதே சிரிப்பு. அந்தத் துண்டின் இன்னொரு பிரதியைக் கேட்டு அந்த வீட்டார் இரண்டு முறை வந்தார்கள்.

11. மண்டபத்தில் சிக்னல் இல்லாவிட்டால் மென்பொருள் வேலை செய்யுமா?

படம் எடுப்பதும் அச்சிடுவதும் இணையமில்லாமல் நடக்கும் மென்பொருளை மட்டுமே வாங்குங்கள். இதில் விட்டுக்கொடுப்பே வேண்டாம். விளம்பரத்தில் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். ஆனால் உரிமத்தைச் சரிபார்க்க இடையிடையே இணையம் கேட்கும் மென்பொருள்கள் உண்டு.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். படுவான்கரையில் ஒரு வீட்டுத் திருமணம். பந்தலில் பூத்தைப் பொருத்திவிட்டு மென்பொருளைத் திறந்தேன். உரிமத்தை உறுதிப்படுத்த வேண்டும், இணையத்தில் இணையுங்கள் என்று ஒரு பெட்டி வந்தது. சந்தா கட்டியிருந்தேன், காலாவதியும் ஆகவில்லை. கைபேசியில் ஒரு கோடு சிக்னல்கூட இல்லை. கைபேசியையும் மடிகணினியையும் தூக்கிக்கொண்டு வயல் வரம்பு தாண்டி வீதிக்குப் போய், அங்கே ஒரு மதகின் மேல் நின்று இணைப்பெடுத்துத் திரும்பி வர நாற்பது நிமிடம். தாலி கட்டி முடிந்து பிள்ளைகள் பூத்தின் முன் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். அந்த வீட்டார் ஒரு சொல் கடிந்து பேசவில்லை. எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

இப்போது புறப்படும் முன் வீட்டிலேயே மென்பொருளைத் திறந்து, இணைப்பைத் துண்டித்து, மூடி, மீண்டும் திறந்து பார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏற்றுகிறேன். விண்டோஸ் புதுப்பிப்பையும் இடைநிறுத்திவிடுகிறேன். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டதால், புதிதாக வாங்குகிறவர்கள் விண்டோஸ் 11 ஓடும் மடிகணினியையே பாருங்கள்.

12. படம் உடனே வட்ஸ்அப்பில் வர வேண்டும் என்கிறார்கள். முடியுமா?

நேரடியாக வட்ஸ்அப்புக்கு அனுப்பும் வசதியைப் பெரும்பாலான பூத் மென்பொருள்களில் எதிர்பார்க்க வேண்டாம். அவை தருவது மின்னஞ்சல், குறுஞ்செய்தி, கியூஆர் குறியீடு. விழாவில் நின்று மின்னஞ்சல் முகவரி தட்டுகிற ஆளை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். குறுஞ்செய்திக்கு வெளிநாட்டு மென்பொருள் செய்திக்கு இவ்வளவு என்று அறவிடும். எண்ணையும் 077 என்று தொடங்காமல் முன்னாலுள்ள பூச்சியத்தை விட்டு 94 சேர்த்துக் கேட்கும். விருந்தினர் பாதிப் பேர் அதிலேயே தடுக்கி விழுவார்கள். கியூஆர் குறியீடுதான் நமக்கு ஏற்றது. கைபேசியில் பிடித்துப் படத்தை இறக்கியதும், வட்ஸ்அப்பில் போடுவதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

இணையம் மெதுவாக இருந்தால், முந்தைய பதிலில் சொன்ன நிலைமையில், படங்களை வரிசையில் வைத்திருந்து பிறகு ஏற்றும் வசதி வேண்டும். சில மென்பொருள்கள் குறியீட்டை உடனே காட்டி, படத்தை வீடு திரும்பியதும் ஏற்றவிடும். அப்படியென்றால் "நாளைக் காலை இதே குறியீட்டில் படம் இருக்கும்" என்று பூத்தின் அருகே எழுதி வையுங்கள். இல்லையென்றால் ஒவ்வொருவராக வந்து உங்களைத்தான் கேட்பார்கள்.

13. மின்சாரம் நின்றால்?

மடிகணினிக்குப் பற்றரி உண்டு, பிரிண்டருக்கு இல்லை. அச்சிடும் நடுவில் நின்றால் அந்தத் தாள் வீண். மின்சாரம் வந்ததும் விடுபட்ட அச்சை மீண்டும் அனுப்ப முடிகிறதா, பழைய படங்களைத் தேடி மறுபடி அச்சிடும் பக்கம் எளிதாகத் திறக்கிறதா என்று மென்பொருளில் பாருங்கள். ஜெனரேட்டருக்கு மாறும் அந்தச் சில நொடிக்கு யூபிஎஸ் என்ற பற்றரிப் பெட்டி ஒன்று போதும். ஆனால் சாயச் சுருள் பிரிண்டர் சூடேறும் கணத்தில் நிறைய மின்சாரம் இழுக்கும். பிரிண்டரின் பின்னால் ஒட்டியிருக்கும் அளவைப் பார்த்தே யூபிஎஸ் வாங்குங்கள்.

14. பச்சைத் திரை போட்டுப் பின்னணியை மாற்றச் சொல்கிறார்கள். எல்லா மென்பொருளிலும் உண்டுதானே?

அநேகமாக எல்லாவற்றிலும் உண்டு. பச்சை நிறம் இருக்கும் இடத்தில் மென்பொருள் வேறு படத்தை வைக்கும்; நீலத் திரை என்றால் நீலம் இருக்கும் இடத்தில். ஆனால் பச்சைப் பட்டுச் சேலை கட்டி வந்தவரை நிற்கவைத்துப் பாருங்கள்: சேலை இருந்த இடத்தில் ஈபெல் கோபுரம் தெரியும். நம் விழாக்களில் பச்சையும் நீலமும் இல்லாத சபை ஏது? செயற்கை நுண்ணறிவால் ஆளைப் பிரித்தெடுக்கும் வசதி இப்போது வந்திருக்கிறது. அதற்குத் திரை வேண்டாம். அது மடிகணினியிலேயே நடக்கிறதா, இணையத்துக்கு அனுப்பி வாங்குகிறதா என்று மட்டும் கேளுங்கள். இரண்டாவது வகை என்றால் பதினோராவது பதில் பொருந்தும். என் விருப்பம் நல்லதொரு துணிப் பின்னணி, அல்லது உண்மையான வாழையும் தென்னங்குருத்துத் தோரணமும்.

15. முகத்தை மெருகேற்றும் பில்டர் கட்டாயம் வேண்டுமா?

சில ஐபேட் மென்பொருள்களில் அது தொடக்கத்திலேயே இயங்கும் நிலையில் இருக்கும். முதலில் அதை அணைத்து வையுங்கள். நம் பிள்ளைகளின் நிறத்தை ஒரு படி வெளுத்து, கன்னத்து மச்சத்தையும் நெற்றித் திருநீற்றையும் மங்கவைத்துத் தருகிறது. யாராவது கேட்டால் போட்டுக் கொடுக்கலாம். கேட்காமல் ஒரு பிள்ளையின் நிறத்தை மாற்றிக் கையில் கொடுக்க நமக்கு உரிமை இல்லை. வெளிச்சத்தைச் சரியாக வைத்தால் எந்த நிறமும் அழகாகத்தான் விழுகிறது. கமராவைக் கையியக்க நிலையில் வைத்து ஒளி அளவை ஒருமுறை பொருத்திவிடுங்கள். வெள்ளை வேட்டிக்காக முகம் இருளாது, கறுப்பு அபாயாவுக்காக முகம் வெளிறாது.

16. பெண்கள் பகுதியில் பூத் வைக்கக் கேட்கிறார்கள். படங்கள் வெளியே போகாது என்று எப்படி உறுதி கொடுப்பது?

மென்பொருளின் இயல்பு தெரியாமல் அந்த உறுதியைக் கொடுக்காதீர்கள். முஸ்லிம் வீடுகளின் பெண்கள் பகுதியில் படம் வெளியே போகக்கூடாது என்பது பேச்சுக்கு இடமில்லாத நிபந்தனை. பூப்பெய்திய பிள்ளைக்குச் செய்யும் சாமத்திய வீட்டில் அது ஒரு சிறுமியின் படம். அவள் சம்மதத்தை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், நாமாவது அவளுக்காக யோசிக்க வேண்டும். என்னை அழைக்கும் காரணமே நான் பெண் என்பதும் படங்களை ஒப்படைத்துவிட்டு வருவேன் என்பதும்தான்.

ஒரு படம் எத்தனை இடத்தில் தங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள். கமராவின் அட்டையில் ஒன்று, மடிகணினியில் மூலப் படங்களின் கோப்புறையில் ஒன்று, அச்சு வடிவங்களின் கோப்புறையில் ஒன்று, அசையும் படம் எடுத்திருந்தால் இன்னொன்று, இணையக் காட்சியகத்தில் ஒன்று. அந்தக் காட்சியகம் பல மென்பொருள்களில் இணைப்பு தெரிந்த எவரும் பார்க்கக்கூடியது. ஒரு கியூஆர் குறியீடு மற்ற விருந்தினரின் படங்களையும் திறந்துவிடக்கூடும். தன் படம் மட்டும் திறக்கிறதா, முழு விழாவும் திறக்கிறதா என்பதை வேறொரு கைபேசியில் சோதியுங்கள். இப்படியான விழாக்களில் நான் இணையப் பகிர்வை முற்றாக அணைத்து, அச்சு மட்டும் கொடுக்கிறேன். முடிந்ததும் கோப்புறைகளைப் பென் டிரைவில் எடுத்து மணமகளின் தாயாரிடம் கொடுத்து, அவர் பார்த்திருக்கவே மடிகணினியிலும் அட்டையிலும் அழிக்கிறேன், குப்பைக் கூடையையும் சேர்த்து.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமாகத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டிலும் இருக்கிறது. அடையாளம் காணத்தக்க முகமும் தொலைபேசி எண்ணும் தனிப்பட்ட தரவுகளே. விழாப் படத்தை உங்கள் முகநூல் பக்கத்தில் விளம்பரமாகப் போட விரும்பினால் ஒப்பந்தத் தாளில் தனி வரியாக எழுதிச் சம்மதம் வாங்குங்கள்.

17. 360 பூத்துக்கும் இதே மென்பொருள் போதுமா?

போதாது. அது காணொளி. அதன் வேகத்தைக் குறைத்து, பாட்டுச் சேர்த்து, கைபேசிக்குத் தர வேறு மென்பொருள் வேண்டும். கோப்பும் பெரிது. மோசமான சிக்னலில் ஒரு புகைப்படம் எப்படியோ போய்விடும், காணொளி போகாது.

18. முன்பதிவையும் முற்பணத்தையும் பார்க்க இன்னொரு மென்பொருள் வாங்க வேண்டுமா?

பூத்புக், செக் செரி போன்றவை இந்தத் தொழிலுக்கென்றே இருக்கின்றன. அவற்றின் பலம் வாடிக்கையாளர் ஒன்லைனில் அட்டையால் பணம் கட்டுவது. நம் பக்கம் முற்பணம் கையில் வருகிறது அல்லது வங்கிக் கணக்கில் விழுகிறது. மாதம் பத்து விழாவுக்குக் குறைவென்றால் கூகுள் நாட்காட்டியும் ஒரு விரிதாளும் தாராளம். நாட்காட்டியில் விழாவின் பெயரோடு மண்டபம், மின் இணைப்பு எங்கே, சிக்னல் உண்டா இல்லையா என்றும் எழுதி வையுங்கள். இரண்டாம் முறை அதே மண்டபத்துக்குப் போகும்போது அந்த ஒரு வரி பெரும் உதவி.

19. இரண்டாவது பூத் போடப் போகிறேன். ஒரே உரிமம் போதுமா? முதல் பூத்தின் மடிகணினி பழுதானால் என்ன செய்வது?

பெரும்பாலான உரிமங்கள் ஒரு கணினிக்கு ஒன்றுதான். இரண்டு பூத் ஒரே நேரத்தில் ஓடினால் இரண்டு உரிமம் வேண்டும். சில மென்பொருளில் பழைய கணினியிலிருந்து உரிமத்தை விடுவித்தால்தான் புதியதில் ஏற்றலாம். பழைய கணினி திறக்கவே மறுத்தால் விடுவிக்க முடியாது, நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதிக் காத்திருக்க வேண்டும். அவர்களின் அலுவலக நேரம் நமக்கு நள்ளிரவாக இருக்கலாம். உரிமத்தை இணையத்தில் நாமே விடுவிக்க வழி உண்டா என்று வாங்கும் முன்பே எழுதிக் கேளுங்கள். பதில் எத்தனை நாளில் வருகிறது என்பதையும் கவனியுங்கள்.

நான் பழைய மடிகணினி ஒன்றில் அதே மென்பொருளின் சோதனைப் பதிப்பையும், பிரிண்டரின் இயக்கியையும், அடுத்த விழாவின் வடிவமைப்பையும் ஏற்றிக் காரின் பின்னிருக்கையில் வைத்திருக்கிறேன். சோதனைப் பதிப்பு படத்தின் மேல் தன் முத்திரையை அடிக்கும். அதனால் அதில் எடுத்த படங்களை அன்றிரவே கையில் கொடுக்காமல், மூலப் படங்களிலிருந்து மறுநாள் முத்திரையின்றி அச்சிட்டு வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கலாம்.